பதினைந்தாவது ஆடு

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பொட்டலமும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் தேவலையா? தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பிள்ளையாகத் தவழாதே என்றால் நீ கேட்கவா போகிறாய். எனக்கு முதுகைத் தவிர எல்லாம் சுகம். விடுதியில் தங்க வருபவர்கள் கூட்டம். சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு மடிக்கிறோம். ஆளுக்கு இரண்டு முனை பிடித்துக்கொண்டு எதிரே நிற்பவளிடம் நடந்து போய்ச் சேர்வதும், விலகுவதும், திரும்பச் சேர்வதும்தான் என் வேலை. பார்ப்பவர்களுக்கு நாங்கள் நாள் முழுக்க நடனம் ஆடுகிற மாதிரி இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீடு கிடைத்துவிட்டது. வீடு என்றால் ஒரே அறை, மூலையில் அடுப்பு, ஒரு சன்னல். மூன்று வருஷமாக ஒரு அறையில் நான்கு பேராகத் தூங்கியவளுக்கு இப்போது என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கிறது. இங்கே வேலைக்கு வந்தவர்கள் பிள்ளையைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய அனுமதியும் இருக்கிறது. இரண்டு தாள்தான் பாக்கி. பள்ளியிலிருந்து வகுப்பாசிரியை கைப்பட எழுதி முத்திரை வைத்த கடிதம் ஒன்று. இதுவரை வளர்த்தவர் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திடும் படிவம் ஒன்று. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். வகுப்பாசிரியையும் நீ, வளர்த்தவளும் நீ. "ரெண்டும் ஒரே ஆளா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். "எங்க வீட்டுல ஆள் கம்மி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் கடைசிக்குள் இரண்டும் இங்கே வந்து சேர வேண்டும். தவறினால் அடுத்த வருஷம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பொட்டலத்துக்கு ஒரு படம் வரைந்திருக்கிறேன். அவளுடைய கட்டில். விடுதியில் கழித்துப் போட்ட விரிப்பை வெட்டி ஓரம் தைத்து மெத்தை மேல் போட்டிருக்கிறேன். கட்டிலைச் சன்னல் பக்கம் போடவா, சுவர்ப் பக்கம் போடவா என்று அவளிடம் கேட்டு எழுது. ஃபோனில் அவள் மூச்சு மட்டும் விடுகிறாள், நான் அழுகிறேன். கடிதம்தான் நமக்கு ஒத்துவருகிறது.

அவள் அப்பா இறந்த வருஷம், இரண்டு வயதுப் பிள்ளையைத் துணியில் சுற்றி உன் கையில் கொடுத்தேன். "என்னடி, பொட்டலம் மாதிரி கட்டியிருக்க" என்றாய். அந்தப் பெயரே நின்றுவிட்டது. அடுத்த மாதம் அந்தப் பொட்டலத்துக்கு ஐந்து வயது.

உங்கள் இரண்டு பேருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கும்
தங்கச்சி


ஜூன் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. வீடு கிடைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னோம். முழங்கால் அப்படியேதான். அதுவும் நானும் பழகிவிட்டோம். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே.

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த வருஷம் என் வகுப்பில் பதினைந்து பேர். முதல் வாரம் வழக்கம்போல ஒரே அழுகை. ஒருத்தன் அழுது ஓயும்போது அடுத்தவன் ஆரம்பிப்பான், முறை போட்டுக்கொண்டதுபோல. ரொட்டிக்கடைக்காரர் மகள் மட்டும் அழவில்லை. பத்து மணிக்கு பிஸ்கட் உண்டு என்று யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். காலை ஜெபத்தில் ஆளுக்கு ஒரு காரியத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால், அவள் தினமும் பிஸ்கட்டுக்குத்தான் சொல்கிறாள். எதற்கெடுத்தாலும் 'ஏன்' கேட்கிற ஒருவன் வந்திருக்கிறான். ஆயாம்மா அவனுக்கு 'ஏன்-பையன்' என்றே பெயர் வைத்துவிட்டார்.

பொட்டலம் வகுப்பில் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறாள். பள்ளிக் கதவைத் தாண்டி ஒரு கால் வெளியே வைத்ததும் 'பெரியம்மா'. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாக வகுத்துக்கொண்டாள். ஒன்று சொல்கிறேன். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாருமே வாரத்துக்கு ஒரு தடவையாவது வாய் தவறி என்னை 'அம்மா' என்று கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு வெட்கப்படுவார்கள். இவள் ஒருத்திதான் இந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

படிவம் பத்திரமாக இருக்கிறது. பெரிய டீச்சர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். முத்திரை அவருடைய மேசைக்குள் பூட்டியிருக்கிறது. வந்ததும் பார்க்கலாம்.

ஆண்டவர் உன் கைகளுக்குப் பலம் தருவாராக.

அன்புடன்
அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். ஒத்தடம் கொடுத்தேன், முதுகு கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. பெரிய டீச்சர் வந்துவிட்டாரா?

படம் அவளுக்குப் பிடித்ததா? நீ எழுதவே இல்லை. நான் வரைந்த கட்டில் கால் ஆட்டுக்கால் மாதிரி இருக்கிறது என்று எதிரே மடிப்பவள் சிரித்தாள். பொட்டலமும் சிரித்திருப்பாளே. சன்னலா, சுவரா? அதையும் எழுதவில்லை.

ஒரு உதவி செய். அவளுடைய ஒரு வாரத்தை எனக்கு முழுதாக எழுது. திங்களிலிருந்து வெள்ளி வரை வகுப்பில் என்ன செய்கிறாள், என்ன சொல்கிறாள், யார் பக்கத்தில் உட்கார்கிறாள், எல்லாம். விரிப்பு மடிக்கும்போது கைக்குத்தான் வேலை. மனசு சும்மா நிற்கிறது. அதற்கு நினைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

தங்கச்சி


ஜூலை 26

அன்புள்ள தங்கச்சிக்கு,

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். நீ கேட்ட வாரம் இதோ. நல்லவேளையாக இது மேய்ப்பர் வாரம். வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாரம்.

திங்கள். துணி ஒட்டிய பலகையில் படங்களை ஒவ்வொன்றாக வைத்துக் கதை சொன்னேன். மேய்ப்பரிடம் நூறு ஆடுகள், ஒன்று தொலைந்துபோகிறது, அவர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறார். பொட்டலம் முன்வரிசையில் ரொட்டிக்கடைக்காரர் மகளுக்குப் பக்கத்தில். காலைக் கட்டிக்கொண்டு முழங்காலில் தாடையை வைத்துக் கேட்பாள், நீ சின்ன வயதில் உட்கார்வாயே, அதே மாதிரி. கதை முடிந்ததும் ஏன்-பையன் கை தூக்கினான். "தொண்ணூத்தொம்பதையும் தனியா விட்டுட்டுப் போனாரே, அதுங்க தொலைஞ்சா?" இருபது வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. போதகரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். போதகரும் அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டார்.

செவ்வாய். அட்டையில் ஆடு வெட்டிப் பஞ்சு ஒட்டினோம். ஆட்டைவிடப் பிள்ளைகள் மேல்தான் பஞ்சு அதிகம். ஒருவனுக்கு மூக்கில், ஒருத்திக்குப் புருவத்தில். ஆயாம்மா வாசலில் நின்று, "பதினஞ்சு ஆடு செய்யச் சொன்னா முப்பதா செஞ்சு வச்சிருக்கீங்க" என்றார். பொட்டலம் தன் ஆட்டுக்குக் கண்ணாக ஒரு கறுப்புச் சட்டைப் பொத்தானை ஒட்டினாள். இன்னொரு கண் எங்கே என்றேன். அந்தப் பக்கம் இருக்கு, உங்களுக்குத் தெரியாது என்றாள்.

புதன். எண்ணினோம். பதினைந்து பிள்ளைகள், பதினைந்து ஆடுகள். பதிமூன்றை யாராவது விழுங்கிவிடுகிறார்கள், தொண்டையில் சிக்காமல் போகிற எண் அது. ஒருவன் எண்ணும்போதெல்லாம் தன்னை இரண்டு தடவை சேர்த்துக்கொள்கிறான். பொட்டலம் தன்னை எண்ணாமல் விட்டுவிட்டுப் பதினாலு என்றாள்.

வியாழன். மரக்கட்டைகளை அடுக்கிப் பட்டி கட்டினோம். கட்டை என்றால் உனக்குத் தெரியும், கோவில் மரவேலைக்காரர் இழைத்துக் கொடுத்தாரே, அதே பழைய கட்டைகள்தான். பட்டிக்கு ஒரு வாசல் உண்டு. எல்லா ஆடும் உள்ளே வந்த பிறகுதான் வாசல் கட்டையை வைத்து மூட வேண்டும். ஒன்று வெளியே இருந்தாலும் திறந்தே இருக்க வேண்டும் என்பது வகுப்பு விதி. வெள்ளிக்கிழமை நான் ஒரு ஆட்டை ஒளித்துவைப்பேன், அவர்கள் தேட வேண்டும். கிடைத்ததும் எல்லாரும் கைதட்ட வேண்டும், யாரும் யாரையும் திட்டக் கூடாது. ஒளித்துவைத்தவர் எழுந்து நின்று 'என்கிட்டதான் இருந்தது' என்று சொல்ல வேண்டும். இதுவும் விதி.

வெள்ளி. ஆட்டைத் தேடினோம், கிடைத்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளும் உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள்.

அக்கா


ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்து வைத்துப் படித்தேன். பொத்தான் கண்ணைப் பற்றி எதிரே மடிப்பவளிடம் சொன்னேன். அவள் அதற்குள் சலவைக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது எல்லாரும் "ஆடு எப்படி இருக்கு" என்றுதான் என்னிடம் நலம் விசாரிக்கிறார்கள்.

அக்கா, திங்களுக்கு அரைப் பக்கம். செவ்வாய்க்கும் அதே அளவு. புதனுக்கு ஐந்தாறு வரி, வியாழனுக்கு அதற்கு மேலே. வெள்ளிக்கு ஒரே ஒரு வரி. உன் மை தீர்ந்துவிட்டதா?

படத்தைப் பற்றி இந்தத் தடவையும் ஒன்றும் இல்லை. படிவத்தைப் பற்றியும் இல்லை. அவசரம் ஒன்றும் இல்லை, இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. உனக்குப் பள்ளி வேலை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

முழங்காலுக்குத் தைலம் தேய்.

தங்கச்சி


செப்டம்பர் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பொட்டலத்துக்கு நான்கு நாள் காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை, வகுப்பில் பாதிப் பேருக்கு இதே காய்ச்சல். இப்போது ஓடியாடுகிறாள். வகுப்பறைக் கூரையில் ஒழுகல் வேறு. வாளி வைத்திருக்கிறோம். சொட்டுச் சத்தத்துக்குத் தாளம் போட்டுப் பாடுகிறார்கள்.

பெரிய டீச்சர் வந்துவிட்டார். இந்த மாதம் பார்க்கிறேன்.

உன்னைத் தினமும் ஜெபத்தில் வைக்கிறோம். அவள் தன் முறை வரும்போது, "எங்கம்மா முதுகுக்காக" என்கிறாள். மற்ற பிள்ளைகளும் சேர்ந்து "முதுகுக்காக" என்கிறார்கள்.

அக்கா


செப்டம்பர் 19

என் பொட்டலத்துக்கு,

இது உனக்கு மட்டும் எழுதிய கடிதம். பெரியம்மாவை மெதுவாகப் படித்துக்காட்டச் சொல்.

உனக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டதா? உன் ஆடு நன்றாக இருக்கிறதா? அதன் இன்னொரு கண் எந்தப் பக்கம் இருக்கிறது?

உன் கட்டிலைப் படம் வரைந்து அனுப்பினேனே, பார்த்தாயா? கட்டில் இன்னும் அறை நடுவிலேயே கிடக்கிறது. நான் தினமும் அதில் இடித்துக்கொள்கிறேன். சன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா? நீ சொன்னால்தான் நகர்த்துவேன்.

அம்மா


அக்டோபர் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

அவளுக்கு நீ எழுதிய கடிதம் நேற்று வந்தது. மெதுவாகத்தான் படித்துக்காட்டினேன். கட்டில் என்ற சொல்லுக்கு வந்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், மீதியை ஞாபகப்படுத்தவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமையை இப்போது எழுதுகிறேன்.

உன் படத்தை நான் அவளிடம் கொடுக்கவில்லை. ஜூன் மாதம் உன் உறையைப் பிரித்ததும் படத்தைப் பார்த்தேன். கட்டில் சின்னதாக, அவள் நீளத்துக்குச் சரியாக இருந்தது. மடித்து, படிவத்தோடு சேர்த்து, பள்ளிக்கு எடுத்துப் போகும் என் பையில் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்தேன். முத்திரை பூட்டியிருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டு ஒரு வாரம்தான் இருந்தது.

அன்று ஆட்டை ஒளிக்க இடம் தேடினேன். காலணித் தட்டு, ஆர்மோனியப் பெட்டியின் அடி, குடை மாட்டும் மூலை எல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. எந்த ஆடு கையில் வந்தது என்று பார்க்கவில்லை என எழுத நினைத்தேன். இல்லை, பார்த்துத்தான் எடுத்தேன், பொத்தான் கண் வைத்த ஆடு. அந்த நேரம் ஏன்-பையனின் அம்மா வாசலில் கூப்பிட்டார். கையிலிருந்ததைப் பைக்குள் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது, போன வருஷம் வைத்த மாதிரி ஆர்மோனியத்துக்குப் பின்னால் வைத்துவிட்டதாகவே என் மனதில் இருந்தது.

தேடுங்கள் என்றேன். தேடினார்கள். ஆர்மோனியத்துக்குப் பின்னால் தூசிதான் இருந்தது. பிறகு நானும் அவர்களோடு தேடினேன், பாய்க்கடியில், வாளிக்குள், ஆயாம்மாவின் துடைப்பத்துக்குப் பின்னால்கூட. பத்து மணியாயிற்று. ரொட்டிக்கடைக்காரர் மகள் பிஸ்கட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே, ஆடு வராமல் எப்படிச் சாப்பிடுவது என்றாள். இரண்டு பேர் அழுதார்கள். ஒருவன் கண்ணை இறுக மூடி, "இயேசப்பா, டீச்சருக்கு ஞாபகம் வரணும்" என்று ஜெபித்தான்.

டீச்சர் பையைத் தொடக் கூடாது என்பது வகுப்பில் பெரிய விதி. மற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பை கண்ணிலேயே படாது. இவளுக்கு அது வீட்டுப் பை. நாற்காலி முன்னால் போய் நின்று, "உங்க பையில பாக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே பார் என்றேன். கையை விட்டு, ஆட்டை எடுத்தாள். ஆட்டோடு ஒரு தாளும் பாதி வெளியே வந்தது. அதை விரித்துப் பார்த்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். திரும்ப மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு ஆட்டைத் தூக்கிக் காட்டி, "நீங்கதான் ஒளிச்சு வச்சிருந்தீங்க, டீச்சர்" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று 'என்கிட்டதான் இருந்தது' என்று சொன்னேன். ஆட்டைப் பற்றி மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது, "அந்தப் படத்தை எப்ப தேடறது, பெரியம்மா?" என்று கேட்டாள்.

"எந்தப் படம்?"

"கட்டில் படம். நான் எடுக்கல. வெள்ளிக்கிழமைதான தேடணும்?"

இன்னும் இல்லை என்றேன். அவள் சரி என்றாள். அதற்குப் பிறகு ஒன்பது வெள்ளிக்கிழமைகள். ஒவ்வொரு வெள்ளியும் காலணி மாட்டும்போது ஒரே கேள்விதான், "இன்னைக்கா?" இல்லை என்றால் காலணியின் வாரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒரு தடவைகூட அழவில்லை, பையைத் தொடவும் இல்லை. காய்ச்சலில் கிடந்த வெள்ளிக்கிழமையும் படுத்தபடியே கேட்டாள்.

இன்று காலை அவள் கேட்பதற்கு முன்பே, "இன்னைக்குத்தான்" என்று சொன்னேன். நேராகப் பைக்குப் போனாள். படத்தைத் தரையில் விரித்து, அதன் பக்கத்தில் தானும் படுத்துப் பார்த்தாள். சன்னலா சுவரா என்று கேட்டேன், சன்னல் பக்கம் என்றாள். ஏன் என்று கேட்டேன். "அங்க இருந்தா யார் வராங்கன்னு தெரியும்" என்றாள்.

கையெழுத்திட்ட படிவமும், பெரிய டீச்சர் முத்திரை வைத்த கடிதமும் இதோடு இருக்கின்றன. கடிதத்தை நானே எழுதினேன். 'இந்தப் பிள்ளை என் வகுப்பில் படித்துவருகிறாள், நல்ல பழக்கமுள்ளவள்' என்ற இரண்டு வரிக்கு நான்கு தாள் வீணாயிற்று.

எங்கள் வகுப்பு விதிப்படி எழுந்து நின்றுதான் இதை முடிக்கிறேன். என்னிடம்தான் இருந்தது.

அக்கா


அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

தாள்கள் வந்து சேர்ந்தன. அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

முதலில் கோபம்தான் வந்தது. மறைத்துப் பிரயோஜனம் இல்லை. அன்றைக்கு நான் பிடித்து இழுத்த இழுப்பில் ஒரு விரிப்பு கிழிந்தது. எதிரே நின்றவள் விழப் பார்த்தாள். ஒன்பது வெள்ளிக்கிழமை என்கிற எண் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் நாலைந்து நாள் யோசித்தேன். எழுந்து நிற்கிற முறை எனக்கும் உண்டு அக்கா. அனுமதி எனக்கு ஜூன் மாதம் கிடைக்கவில்லை. பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. நாலு மாதம் அந்தத் தாளை விரிப்புகளுக்கு அடியில் வைத்திருந்தேன். வீடு கிடைக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். வீடு மார்ச்சில் கிடைத்தது. கட்டில் வாங்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். உன் கடிதம் வரும்போதெல்லாம் உறையைத் தடவிப் பார்ப்பேன், உள்ளே படிவம் இருக்கிறதா என்று. இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு வரும். அது வருத்தமா நிம்மதியா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அவள் தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்புவாள் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சன்னலா சுவரா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். என்ன கேட்பது என்று வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் வந்து இந்த அறையில் நின்று, உன்னைத் தேடி அழுதால், நான் எந்த விதிப்படி நடந்துகொள்வேன்?

ஆனால் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள் என்று எழுதினாயே. அதைப் படித்துவிட்டு, வேலை நடுவில், இரண்டு கையும் தட்டினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆடு கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

கட்டிலைச் சன்னல் பக்கம் நகர்த்திவிட்டேன். நவம்பர் கடைசி வாரம் லீவு எடுத்து நானே வருகிறேன்.

தங்கச்சி


நவம்பர் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ வருவதற்குள் எழுதிவிட வேண்டும், நேரில் என்னால் சொல்ல முடியாது.

வலது பக்கம் திரும்பித் தூங்குவாள். இடது கை மட்டும் போர்வைக்கு வெளியே இருக்கும், உள்ளே வைத்தால் அரைத் தூக்கத்தில் எடுத்துவிடுவாள். பால் ஆறினால் குடிக்க மாட்டாள், சூடாக இருந்தால் ஊதிக்கொண்டே பேசுவாள், பேசி முடிப்பதற்குள் ஆறிவிடும். அவசரப்படுத்தாதே. பொய் சொல்லும்போது கட்டைவிரலை மடிப்பாள். வேண்டியதைக் கேட்க மாட்டாள், காத்திருப்பாள். அதனால் நீதான் கேட்க வேண்டும். நான் அதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

அழுதால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அழட்டும். பக்கத்தில் உட்கார். முதல் வாரம் என் வகுப்பில் நான் செய்வது அவ்வளவுதான்.

அக்கா


டிசம்பர் 7, திங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று சேதி கிடைத்தது. பிரயாணத்தில் உன் முதுகு எப்படியிருந்தது? இங்கே நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால்கூடப் பரவாயில்லை. தூக்கு என்று கேட்க ஆள் இல்லாததால் இருக்கும்.

அன்றைக்கு வண்டி கிளம்பும்போது நடந்ததை நீ கவனித்தாய், எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகப் பள்ளிக் கதவைத் தாண்டினால் 'பெரியம்மா' என்று கூப்பிட்டவள், சன்னல் வழியாகக் கையை நீட்டி, "போய்ட்டு வரேன் டீச்சர்" என்றாள். மற்ற பிள்ளைகள் மூன்றரை மணிக்குச் சொல்கிறார்களே, அதே ராகத்தில். நானும் தினமும் பதினைந்து பேருக்குச் சொல்கிற பதிலை அப்படியே சொல்லிவிட்டேன். "போய்ட்டு வாங்க. நாளைக்குப் பார்ப்போம்." சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. நீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். வண்டி வளைவு திரும்புகிற வரைக்கும் அவள் கை வெளியேதான் இருந்தது. இடது கை.

இன்று வகுப்பில் ஆடுகளை எடுத்துவைத்தோம், கூரை சரிசெய்ய வருகிறார்கள் என்பதால். பிள்ளைகள் தாங்களாகவே பட்டி கட்டி, ஆடுகளை உள்ளே விட்டு, எண்ணினார்கள். இந்த வருஷம் முதல் தடவையாக யாரும் பதிமூன்றை விழுங்கவில்லை. பதினாலு. திரும்பவும் எண்ணினார்கள், பதினாலுதான். ஆர்மோனியத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். ஒருத்தி வந்து, பையில் பார்க்கலாமா என்று கேட்டாள். பையை விரித்தே காட்டினேன். சீப்பு, கண்ணாடிக்கூடு, சாவி. வேறு எதுவும் இல்லை.

அந்த ஆடு தொலையவில்லை, அதன் அம்மாவோடு அதன் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன். நல்லது என்று ரொட்டிக்கடைக்காரர் மகள் பிஸ்கட்டுக்குப் போய்விட்டாள். ஆயாம்மா பெருக்க வந்து, வாசல் கட்டையைக் கையில் எடுத்து, "அப்ப மூடிடலாமா டீச்சர்?" என்று கேட்டார். ஏன்-பையன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். அது இங்கே வந்து பார்க்க நினைத்தால் என்ன செய்யும் என்பது அவன் கேள்வி. போதகரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சமாளிக்கவில்லை. கட்டையை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டேன். ஆயாம்மா பட்டியைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்.

எனக்கு ஒரு உதவி செய். அவளுடைய ஒரு வாரத்தை முழுதாக எழுது. அங்கே பள்ளியில் யார் பக்கத்தில் உட்கார்கிறாள், பால் ஆறுவதற்குள் குடிக்கிறாளா, சன்னல் வழியாக யாரைப் பார்க்கிறாள், எல்லாம் எழுது. திங்களில் ஆரம்பி. வெள்ளிக்கிழமையை ஒரு வரியில் முடித்துவிடாதே.

அக்கா